வளைந்த நிப்பும் குறட்டுத் தடமும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. பேனா பத்திரமாக வந்து சேர்ந்தது. பஞ்சு வைத்து, அதன் மேல் பழைய சாக்ஸையும் சுற்றி நீ அனுப்பியிருந்ததைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

நாலு மாதமாக உன் கடிதங்கள் பால்பாயிண்டில் வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். கேட்கவில்லை. இப்போது, "மேசையிலிருந்து விழுந்து நிப்பு வளைந்துவிட்டது, முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும்மா" என்று இரண்டு வரி எழுதியிருக்கிறாய். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். விழுந்த அடி தெரிந்தது. நடுக்கீறலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டு கால் இருக்கிறதல்லவா, அதில் இடது கால் மேல்நோக்கி மடங்கியிருந்தது, வலது கால் கொஞ்சம் விலகியிருந்தது. அதெல்லாம் தரை செய்தது. ஆனால் இடது காலின் மேல் குறுக்கே நாலைந்து கோடு, வரிசையாக, ஒரே இடைவெளியில். தரைக்கு ஏதுடா பல்? குறடு போட்டிருக்கிறாய்.

திட்டுவதற்காக எழுதவில்லை. அது 14 காரட் நிப்பு. உற்றுப் பார்த்தால் 585 என்று பொடியாகக் குத்தியிருக்கும், ஆயிரத்தில் 585 பங்கு தங்கம் என்று அர்த்தம். எஃகு நிப்பு வளைத்தாலும் துள்ளித் திரும்பப் பார்க்கும். தங்கம் அப்படி இல்லை, சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்டுவிடும். குறடு சொன்னதையும் கேட்டிருக்கிறது. அந்தக் கோடுகள் இனிப் போகாது. தேய்த்து எடுக்கலாம்தான், ஆனால் கால் மெலிந்துவிடும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் கழற்ற வேண்டியிருந்தது. காய்ந்த மை உள்ளே பசை மாதிரி பிடித்துக்கொண்டிருந்ததால் கழுத்துப் பகுதியை ஒரு ராத்திரி முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறப் போட்டேன். காலையில் ரப்பர்த் துண்டால் நிப்பையும், அதற்கு அடியில் மை கொண்டுவரும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்ததும் வந்துவிட்டது. அவசரப்பட்டுக் கொதிக்கிற தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே. சில பேனாக்களின் கழுத்து அதிலேயே கோணிக்கொள்ளும்.

பிறகு வேலை என்று பார்த்தால் ஒரு மரக்குச்சியும் என் கட்டைவிரல் நகமும்தான். நிப்பின் வளைவுக்குத் தோதாக உருண்டையான குச்சியின் மேல் அதைப் படுக்க வைத்து, மடங்கிய இடத்தின் அடியிலிருந்து முனையை நோக்கி நகத்தால் நீவினேன். தங்கம்கூட அழுத்தம் எடுத்ததும் ஒரு மயிரிழை திரும்பி வரும். அதனால் நேர்க்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்த வேண்டும். மடங்கியதில் முக்கால்வாசி முதல் பத்து நிமிடத்திலேயே நிமிர்ந்துவிட்டது. மீதிக் கால்வாசிக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வளைத்தால் உலோகம் இறுகி, கடைசியில் வெடித்துவிடும். நிப்பு நடுவில் ஒரு துளை இருக்கிறதே, அந்த ஓரத்தில்தான் வெடிப்பு தொடங்கும் என்று ஒவ்வொரு தடவையும் லென்ஸில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை. "நெருப்பில் காட்டினால் இளகாதா?" என்று அப்பா கேட்டார். இளகும். அத்தோடு நிப்பின் துள்ளலும் போய்விடும்.

நிமிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு மையில் தோய்த்தால் எழுதவே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுக்கீறல் துளைப் பக்கம் குறுகலாகவும் முனைப் பக்கம் விரிந்தும் இருந்தது. தலைகீழ். மை தானாக இடுக்குக்குள் ஏறிக்கொள்ளும், இடுக்கு குறுகக் குறுக இன்னும் முன்னே போகும். முனையில் விரிந்திருந்தால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். இரண்டு காலையும் ஒன்றின் மேல் ஒன்றாக மெதுவாகக் குறுக்கே ஏற்றி, ஐந்தாறு விநாடி பிடித்து, பிறகு மாற்றி ஏற்றினேன். நாலு தடவை செய்ததும் முனையில் ஒரு நூல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அந்த நூல் இருந்தாக வேண்டும். அதுவும் அடைந்துபோனால் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகட்டை நுழைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

இனிச் சுரண்டல். உனக்கு இது தெரிந்திருந்தால் குறட்டை எடுத்திருக்க மாட்டாய். புதுப் பேனாவோ பழைய பேனாவோ, சுரண்டினால் பெரும்பாலும் முனை சொரசொரப்பாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே நிற்கிறது, அவ்வளவுதான். எது தாழ்வு என்று காகிதமே சொல்லும். அழுத்தாமல் பக்கவாட்டில் கோடு இழு. வலப்பக்கம் போகும்போது மட்டும் கீறினால் இடது கால் தாழ்ந்திருக்கிறது, அதன் உள்விளிம்பு காகிதத்தில் மாட்டுகிறது. இடப்பக்கம் போகும்போது கீறினால் வலது கால். தாழ்ந்ததை நகத்தால் மேலே நெம்பி, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். மொத்த ரகசியமும் இதுதான். இதை நான் தெரிந்துகொண்டது எப்படி என்று கேட்காதே என்று எழுத வந்தேன். நீ குறட்டை மறைத்தாய், நான் இதை மறைக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

நீ நாலாம் வகுப்பு படித்தபோது அப்பாவிடம் ஒரு கருநீலப் பேனா இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? லேசாகச் சுரண்டுகிறது என்றார். அவர் இல்லாத நேரத்தில் நான் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். நிப்பு முனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி ஒட்டியிருக்கும். இரிடியம் என்று சொல்வார்கள். இப்போது வருகிற பலவற்றில் இரிடியம் இருப்பதே இல்லை, ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் கலவைதான். எதுவானாலும் காகிதத்தில் வருஷக்கணக்காக உரசித் தாங்குவது அந்த மணி ஒன்றுதான். ஐந்தே நிமிடத்தில் ஒரு பக்கத்தை மொட்டையாக்கிவிட்டேன். வளைந்ததை நிமிர்த்தலாம், தேய்ந்ததை வீட்டில் ஒட்டவா முடியும்? "பழசாகிவிட்டது, பாவம்" என்று அவராகவே எடுத்து வைத்துவிட்டார். இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவர் படிக்கக் கேட்டால் இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடத்தான் உத்தேசம்.

நாக்கும் நிப்பும் ஒட்டி உட்காரவில்லை, நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி. கருப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) நாக்கு என்பதால் தனியாகச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். ஆறியதும் நிப்புக்கு அடியில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. 1884-ல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது இந்த நாக்குச் சமாசாரத்துக்குத்தான். மை வெளியே வர, அதே அளவு காற்று உள்ளே போக நுணுக்கமான வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். உன் பேனாவின் வாய்க்காலில் பஞ்சு நூல் ஒன்று சிக்கியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

மேலே இரண்டாவது பத்தி வரை என் பேனாவில் எழுதியது. குறடு என்ற சொல்லுக்குப் பிறகு எல்லாம் உன் பேனாதான். கருநீலப் பேனாக் கதையின் நடுவே ஒரு வரி வெளிறியிருக்கும் பார், அங்கே நிறுத்தி வலது காலை இன்னொரு தடவை நெம்பினேன். இப்போது சரளமாக ஓடுகிறது. ஆனால் கீழிருந்து மேலே இழுக்கும்போது மெலிதாக ஒரு சத்தம் இன்னும் இருக்கிறது. மிக நுணுக்கமான மெருகுத்தாளில் எட்டு வடிவத்தில் பத்துச் சுற்றுப் போட்டால் போய்விடும். நான் போடவில்லை. நீ பேனாவை வலப்பக்கம் சாய்த்துப் பிடிப்பாய், நான் நிமிர்த்திப் பிடிப்பேன். என் பிடிக்கு மழுங்கினால் உன் கைக்கு உதவாது. ஒரு வாரம் எழுதிப் பார். அப்போதும் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் இழுக்கும்போது என்று எனக்கு எழுது, மெருகுத்தாளை அப்புறம் அனுப்புகிறேன். நீயாக எதுவும் தேய்க்காதே.

வெள்ளிக்கிழமை பேனாவை அனுப்புகிறேன். மை இல்லாமல்தான் அனுப்புவேன். உன் சாக்ஸைத் துவைத்து வைத்திருக்கிறேன், அதிலேயே சுற்றிவிடுவேன், இன்னொன்றையும் தேடி வை.

அன்புடன்,
அம்மா