திரை மாற்றக் கொடுத்த கைப்பேசி

ஆசிரியர் அவர்களுக்கு,

செந்தூலில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர், “அக்கா, நீல டிக் விழுந்திருச்சு, பதிலே இல்லையே” என்றார். அந்தச் செய்தியை நான் திறக்கவே இல்லை.

என் மகன் வாட்ஸ்அப் அமைப்புகளில், நம் செய்திகளை வேறு எந்தக் கருவியில் படிக்க முடிகிறது என்று காட்டும் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்தான். அங்கே ஒரு விண்டோஸ் கணினி. கடைசியாக இயங்கியது முதல்நாள் இரவு. எங்கள் வீட்டில் கணினியே கிடையாது! கைப்பேசியைத் திரை மாற்றக் கொடுத்தபோது அதன் பூட்டு எண்ணையும் கடையில் சொல்லிவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கணினியை உடனே வெளியேற்றிவிட்டு, பூட்டு எண்ணையும் மாற்றினோம். நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் மோசடிப் புகார் எண்ணான 997-ஐத்தான் அழைத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் *#21# அடித்துப் பார்க்கச் சொன்னார். அது அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளனவா என்று காட்டுமே தவிர, குறுஞ்செய்தியை யார் படிக்கிறார் என்று காட்டாது. கூகள் மெசேஜஸ் செயலியிலும் கணினியை இணைக்க முடியும். அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு பதிப்பில் இதைப் படத்தோடு போடுவீர்களா? என் மாமியாருக்கு நான் சொன்னால் புரியவில்லை.

முறுக்குக்காரி,
செந்தூல், கோலாலம்பூர்