புனே நூலகத்தாருக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

போன மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். நன்றி சொல்ல அதில் அரைப் பக்கம்தான் கிடைத்தது. அங்கே அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

பழைய தஞ்சை ஜில்லாவின் நிலவுடைமைதான் என் தலைப்பு. அதற்கு எதற்கு மகாராஷ்டிரம் போகணும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 1905-இல் தேசத் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியபோதே பிறந்தது அந்த நூலகம். 1930-இல் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனம் வந்தபின் அதோடு வளர்ந்தது. நிறுவனத்தின் முதல் இயக்குநர் தனஞ்சயராவ் காட்கிலின் பெயர்தான் இன்று அதற்கு. சட்டசபையில் பட்ஜெட்டை கோகலே பிய்த்து உதறியதெல்லாம் சர்க்காரே அச்சடித்த கணக்கை வைத்துத்தான். அந்தக் குணம் நூலகத்துக்கும் ஒட்டிக்கொண்டது போலும். கமிஷன் அறிக்கை, சென்சஸ், நிலவரியை நிர்ணயித்த செட்டில்மென்ட் ரிப்போர்ட் என்று சர்க்கார் காகிதமாகச் சேர்ந்திருக்கிறது. 1915-இல் கோகலே மறைந்ததும் சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி என்று சொன்னேன். "நம்ம பக்கத்து ஆளா?" என்றார் அம்மா. அன்றே டிக்கெட் போட்டாச்சு.

அடுக்கிலிருந்து எனக்குப் புத்தகம் எடுத்துத் தந்த பெரியவருக்குத்தான் முதல் நன்றி. அப்பளம் மாதிரி ஓரம் உதிரும் தொகுதிகளை இரண்டு கையிலும் ஏந்தி வருவார். விரித்து அமுக்கவே விடமாட்டார். இருபுறமும் துணிச்சுருள் வைத்து, தாளை மேல்மூலையில் பிடித்துப் புரட்டக் கற்றுக்கொடுத்தார். நான் தஞ்சாவூர் என்பேன், அவர் 'தஞ்சாவர்' என்பார். மராட்டியர் ஆண்ட ஊர் என்பதால் என்மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாடினார் என்றே நினைக்கிறேன். நம்ம பக்கம் நிலம் அளக்கும் வேலிக் கணக்கும் கேட்டார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்றதும் சீட்டில் குறித்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்தது, என் மானத்தைக் காத்த அம்மையாருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அனுப்பி 1916-இல் கிராமங்களைக் கணக்கெடுத்தார். எங்கள் ஜில்லாவின் பாலக்குறிச்சி அதில் ஒன்று. அந்தக் கணக்குக்கும் என் வரிப் பட்டியலுக்கும் ஒத்தே வரவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பட்டியலை ஒருமுறை பார்த்தார் அந்த அம்மையார்: "இது பசலி, அதாவது நிலவரிக் கணக்கு வருஷம், இல்லையா? 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம், 591 கூட்டினால் முடியும் வருஷம். நீங்கள் பாதி பக்கத்துக்கு அதையும் பாதிக்கு இதையும் போட்டிருக்கிறீர்களே!" பசலி 1326 என்றால் 1916 ஜூலை முதல் 1917 ஜூன் வரை. டெல்டாவில் பிறந்தவனுக்கு இதைப் புனேயில் ஒருவர் சொல்லித்தரவேண்டி வந்தது. அறுபது பக்கத்தைத் திருப்பி எழுதினேன்.

மராத்திக் குறிப்புகளைப் படித்துச் சொன்ன அறைத்தோழனுக்கும், மாதக் கடைசியில் கடன் கேட்டால் முகம் சுளிக்காத டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. பாக்கி நாற்பது ரூபாய் நினைவிருக்கிறது, அண்ணா.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை பைண்டு செய்து நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் இயலில் பசலி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மையார் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி.

அன்புடன்,
தஞ்சாவர்க்காரன்