சார்லி வாட்ஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ராக் டிரம்மர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வேகத்துக்கும் நீண்ட தனி வாசிப்புகளுக்கும் அவ்வளவு இடம் கொடுத்துவிட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் சார்லி வாட்ஸ் எளிமையாக வாசித்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். டிரம்ஸ் கற்றுக்கொடுப்பவன் நான், மனசு கேட்கவில்லை.

அவருடைய வலது கையைக் கவனியுங்கள். பெரும்பாலான ராக் டிரம்மர்கள் ஹை-ஹாட்டை, அதாவது காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டுகளை, விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சார்லியோ, இரண்டாம், நான்காம் அடிகளில் இடது கை ஸ்நேர் என்ற சுரீரென ஒலிக்கும் டிரம்மில் இறங்கும்போது வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து தூக்கிவிடுவார். அந்த நொடியில் ஸ்நேர் மட்டும் தனித்துக் கேட்கும். கேட்பதற்குச் சுலபம். நல்ல வேகத்தில் வாசிக்கும் என் மாணவர்களே இதை முயன்றால் தாளம் தள்ளாடுகிறது.

அப்புறம், வழக்கமாக மொத்தக் குழுவும் டிரம்மரைப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்டோன்ஸில் சார்லிதான் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் வாசிப்பைப் பிடித்துக்கொண்டு போனார். அவர்கள் பாட்டில் இருக்கிறதே அந்த லேசான ஆட்டம், இதோ விழப்போகிறது என்று தோன்றி விழாமலே போகும் ஓட்டம், அது இங்கிருந்துதான் வருகிறது.

சார்லியின் மனசு கடைசிவரை ஜாஸ் இசையில்தான் இருந்தது. 1941-இல் லண்டனில் பிறந்தார். அப்பா லாரி ஓட்டியவர். சிறுவனாக இருந்தபோது பேஞ்சோ என்ற தோல் கட்டிய தந்தி வாத்தியம் ஒன்றின் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஸ்நேராக வைத்து டிரம் வாசிக்கும் கம்பி பிரஷ்ஷால் வாசித்துப் பழகினார். லண்டனின் ஹாரோ பகுதியில் ஓவியம் படித்து, விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். 1963 ஜனவரியில் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர், 2021 ஆகஸ்ட் 24-இல் தமது 80-வது வயதில் இறக்கும்வரை அந்தக் குழுவின் டிரம்மர். நடுவே 2004-இல் தொண்டைப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடித்து மறுபடி மேடையேறினார். எவ்வளவு பெரிய மைதானமானாலும் அவருக்கு முன்னால் கிரெட்ச் நிறுவனத்தின் ஒரு சின்ன டிரம் செட்தான் இருக்கும். சுற்றிலும் டிரம்களை அடுக்கினால்தான் பெரிய வாசிப்பு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் காட்டாத நாள் குறைவு.

அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். 1980-களில் லண்டனில் அவர் திரட்டிய பெரிய ஜாஸ் இசைக்குழுவைப் பற்றியும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிரம்ஸ் ஆசிரியர்