ராத்திரி கதவை உடைப்பவனை அடிக்கலாமா?

ஆசிரியருக்கு,

ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ராத்திரியில் கதவை உடைத்து வருகிறவனை நாம் அடித்து, அவன் செத்துவிட்டால் நமக்கு ஜெயிலா?

இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவு, சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க, உயிர் போகும் அளவுக்குக்கூட பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 103-வது பிரிவாக இது இருந்ததுதான். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் போகக் கூடாது என்று புதிய சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது, அதனால் பிடித்துக் கட்டிப்போட்டவனை ஊர் கூடி அடித்துக் கொன்றால் அது கொலைதான், அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்று காட்டும் பொறுப்பு, சாட்சியே இல்லாத இருட்டில் உயிர் தப்பிய வயதானவர் மேல்தான் விழுகிறது. அப்புறம் வழக்கு, வக்கீல், வாய்தா என்று அலைச்சல். தற்காப்புக் கோணத்தை முதல் நாளிலேயே விசாரித்துப் பதிவு செய்யும்படி எல்லா காவல் நிலையங்களுக்கும் டிஜிபி சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், இந்தப் பிரிவுகளைக் கிராமசபையில் படித்துக் காட்டவும் வேண்டும்.

- வாசகர், பெருந்துறை