மே மாச லீவுல சஃபாரி வேண்டாம் மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

அன்னைக்கு போன்ல முழுசா சொல்ல முடியல, பாதியில அத்தை வேற போன வாங்கி என் கல்யாணப் பேச்ச ஆரம்பிச்சுட்டாங்க, அதான் இங்கயே எழுதிடறேன். ரிட்டயர்மென்ட் காசுல ஆப்பிரிக்கா பாக்கணும்னு இருக்கற வேற மாமாக்களும் படிச்சுக்கட்டும்.

பேரனுக்கு முழுப்பரீட்சை முடிஞ்சதும் மே மாசம் எல்லாருமா தான்சானியாவுல இருக்கற செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் போயிடலாம்னு சொன்னீங்கல்ல, அத மட்டும் செய்யாதீங்க. நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம் கொளுத்துதுன்னா அங்கயும் காஞ்சு கெடக்கும்னு நெனச்சுட்டீங்க போல. அங்க மார்ச் பாதியிலருந்து மே வரைக்கும் பெருமழைக் காலம், சுவாகிலில 'மசிகா'ன்னு சொல்வாங்க. நமக்கு ஐப்பசி கார்த்திகை எப்படியோ அப்படி அவங்களுக்கு பங்குனி சித்திரை. நவம்பர் டிசம்பர்ல இன்னொரு சின்ன மழை உண்டு, அதுக்கு 'வூலி'ன்னு பேரு, அது வந்த வேகத்துல போயிடும், டூர அவ்வளவா கெடுக்காது.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதே தான்சானியாவுல தார் எஸ் சலாம்ல வேலை பாத்தப்ப ஆஃப் சீசன் ரேட்டு கம்மின்னு கேட்டு வாயப் பொளந்துக்கிட்டு ஏப்ரல்ல கெளம்பிப் போனேன். அங்க நெறைய இடத்துல இருக்கற மண்ணுக்கு பேரே 'பிளாக் காட்டன் சாயில்', அதாவது நம்ம கரிசலேதான் மாமா. மழை பெஞ்ச கரிசல்ல நடந்தா செருப்பு எத்தன கிலோ ஆகும்னு கோவில்பட்டிக்காரருக்கு நான் சொல்லணுமா என்ன. லேண்ட் குரூசர் அச்சு வரைக்கும் எறங்கிடுச்சு, டிரைவர் அண்ணன் புல்ல அறுத்து டயருக்கு அடியில போடறாரு, சுத்தி இடுப்பு உசரத்துக்குப் புல்லு, உள்ள எது படுத்திருக்குன்னு யாருக்குத் தெரியும், எறங்கித் தள்ளவும் பயம், உள்ள உக்காரவும் வெக்கம், வேற வண்டி வந்து இழுக்க மூணு மணி நேரம் ஆச்சு. நம்மளுது வெறும் சேறுதான். 2024 மே 1-ம் தேதி செரங்கெட்டிய ஒட்டி கென்யா பக்கம் இருக்கற மசாய் மாரா சரணாலயத்துல தாலேக் ஆறு கரைபுரண்டு கேம்ப்புக்குள்ளயே தண்ணி ஏறி, டூரிஸ்ட்டுங்கள ஹெலிகாப்டர் வச்சு மீட்டாங்க. எல்லா வருஷமும் அப்படி ஆகாதுதான், ஆனா நீங்க அத்தையோட முட்டிவலியும் சேத்துக் கூட்டிட்டுப் போறீங்க.

சேத்தக் கூட விடுங்க, மிருகம் கண்ணுல படணும்ல? கோடையில கம்மா வத்தி நடுவுல கொஞ்சூண்டு தண்ணி கெடந்தா ஊர் ஆடுமாடு மொத்தமும் அங்கதான வந்து நிக்கும், மழை பெஞ்சு பள்ளமெல்லாம் ரொம்பிட்டா ஒண்ணையும் ஒரு இடத்துல பாக்க முடியாது. சஃபாரிக் கணக்கு மொத்தமும் இதான் மாமா. ஜூன்லருந்து அக்டோபர் வரைக்கும் வறண்ட காலம், புல்லு காஞ்சு படுத்துடும், தண்ணி இருக்கற ஆத்துப்பக்கமா யானை, சிங்கம், எருமை எல்லாம் தானா வந்து சேரும். மே மாசத்துக்கு ஆதரவாவும் ரெண்டு வார்த்த சொல்லணும்னா பச்சப்பசேல்னு இருக்கும், கூட்டமே இருக்காது, ரேட்டு கம்மி. கேமராவும் கையுமா பறவை பாக்கற ஆளுங்களுக்கு அது போதும். உங்க பேரனுக்கு சிங்கம் வேணும்.

அப்போ அந்த 'மைக்ரேஷன்' எப்பன்னு கேட்டீங்க. டிவில காட்டறதப் பாத்துட்டு அது ஏதோ திருவிழா மாதிரி ஒரு தேதியில நடக்கும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, அப்படி இல்ல. பத்து லட்சத்துக்கும் மேல வைல்ட்பீஸ்ட்டுன்னு மாடு மாதிரி இருக்கற ஒரு மான் வகை, கூட லட்சக்கணக்குல வரிக்குதிரை, வருஷம் பூரா மழை எங்க பெய்யுதோ அங்க புல்லத் தேடி ஒரு பெரிய வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும். எந்த மாசம் போனாலும் அது எங்கயோ இருக்கும், நாம சரியான மூலைக்குப் போறோமாங்கறதுதான் கேள்வி. ஜனவரியிலருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் தெக்கால என்டுட்டு பக்கம், ஜூன் வாக்குல மேக்க க்ரூமெட்டி ஆத்துப்பக்கம், ஜூலை முதல் அக்டோபர் வரைக்கும் வடக்க மாரா ஆத்தோரம், அப்புறம் வூலி மழை விழ ஆரம்பிச்சதும் திரும்பத் தெக்க. மழை முன்னப்பின்ன ஆனா மந்தையும் முன்னப்பின்ன ஆகும், அதுக்கு காலண்டர் தெரியாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது பிப்ரவரிதான். அது ரெண்டு மழைக்கும் நடுவுல கெடைக்கற கேப்பு. தெக்க இருக்கற அந்த சமவெளி மண்ணு பழைய எரிமலைச் சாம்பல், ஓல் டொய்ன்யோ லெங்காய்னு ஒரு எரிமலை இன்னும் பக்கத்துலயே நிக்குது, அந்தச் சாம்பல்ல வளர்ற குட்டைப் புல்லுல சுண்ணாம்புச் சத்து அதிகம்ங்கறதால பால் குடுக்கற தாய்ங்க அங்கதான் வந்து குட்டி போடும். அதுவும் பெரும்பாலான குட்டிங்க ரெண்டு மூணு வாரத்துக்குள்ளயே பொறந்துடும், ஒரேயடியா அத்தன பொறந்தா சிங்கமும் கழுதப்புலியும் எத்தனையத்தான் திங்கும் சொல்லுங்க. பொறந்த குட்டி சில நிமிஷத்துல தட்டுத்தடுமாறி எந்திரிச்சு நின்னுடும். நான் பாத்தது நாலு தடவ விழுந்து அஞ்சாவது தடவ நின்னுச்சு, வண்டிக்குள்ள இருந்த எல்லாரும் கை தட்டிட்டோம், டிரைவர் அண்ணன் உஷ்ஷுன்னு அதட்டினாரு.

மந்தை மாரா ஆத்தக் கடக்கறது வேற கதை. முதலை வாயப் பொளக்கறது, மந்த குதிக்கறது எல்லாம் நெசம்தான், ஆனா கேரண்டி கெடையாது மாமா. செப்டம்பர்ல நாலு மணி நேரம் கரையில காத்திருந்தோம், ஆயிரக்கணக்குல வந்து நின்னுச்சுங்க, முன்னாடி நின்ன ஒண்ணு தண்ணிய மோந்து பாத்துச்சு, என்ன தோணுச்சோ திரும்பிடுச்சு, அவ்வளவுதான் மொத்தமும் அது பின்னாடியே போயிடுச்சு. மறுநாள்தான் பாத்தோம். ஒரே கரையில முப்பது வண்டி முட்டிக்கிட்டு நிக்கறதும் உண்டு, நம்ம டோல்கேட் மாதிரி.

சரி, உங்க கேஸுக்கு வருவோம். பேரன் இல்லாம நீங்களும் அத்தையும் மட்டும் போறதா இருந்தா கண்ண மூடிக்கிட்டு பிப்ரவரி, ரிட்டயர் ஆன ஆளுக்கு ஸ்கூல் லீவு எதுக்கு? பேரன் வந்தே ஆகணும்னா காலாண்டு லீவப் பிடிங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம், அங்க வறண்ட காலத்தோட உச்சம், மந்தையும் வடக்கதான் நிக்கும். ரெண்டு நாள் முன்ன பின்ன ஸ்கூல்ல லீவு சொல்லிட்டா ஒன்பது நாள் டூருக்கு இடம் இருக்கு. மாராவுக்கு கென்யா பக்கம் போகாதீங்க, 2024-லருந்து ஜூலை டு டிசம்பர் வெளிநாட்டுப் பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு உள்ள நுழையவே 200 டாலர், ஜனவரி டு ஜூன் அதுல பாதி. அதே ஆறுதான் தான்சானியா பக்கம் கோகடெண்டேவுலயும் ஓடுது. அருஷா ஊர்லருந்து கெளம்பி முதல்ல தாரங்கிரி பூங்கா, அந்த சீசன்ல அங்க ஆத்துப்படுகையில யானை கூட்டங்கூட்டமா நிக்கும், அப்புறம் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம், அப்புறம் செரங்கெட்டி நடுவுல செரோனேரா, கடைசியா வடக்க. இங்கோரோங்கோரோ பள்ளத்தோட விளிம்பு ஊட்டி உயரத்துக்கு இருக்கும், காலையில பல்லு தந்தியடிக்கும், அத்தைக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் கண்டிப்பா.

அப்புறம் உங்க அந்த நீலக் கலர் சட்டைங்க எதுவும் வேண்டாம், அங்க செட்சின்னு ஒரு கடிக்கற ஈ உண்டு, அதுக்கு நீலமும் கருப்பும்னா உயிரு, கடிச்சா சட்டைக்கு மேலயே கடிக்கும்.

ஃபிளைட்டு நைரோபி வழியா அமைஞ்சாலும் அமையும், கென்யா போயிட்டு இந்தியா திரும்ப யெல்லோ ஃபீவர் ஊசி சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் அது செல்லும், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. அறுபது தாண்டினவங்க டாக்டர்கிட்ட கேக்காம அந்த ஊசியப் போடக்கூடாது, அதனால உங்க சுகர் டாக்டர இந்த மாசமே பாத்துடுங்க. மலேரியா மாத்திரையும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.

பேரனோட காலாண்டு டைம்டேபிள் வந்ததும் வாட்ஸப்ல அனுப்புங்க, டிக்கெட் நான் பாக்கறேன்.

உங்க மருமகன்