அகஸ்தீஸ்வரத்து டேனியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

களியக்காவிளை டீக்கடையில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் ஒரே பெஞ்சில்தான் கிடக்கும். மலையாள சினிமாவுக்கான ஜே.சி.டேனியல் விருது பற்றிய பேச்சு வந்தபோது பக்கத்தில் இருந்தவர், "யாரு அண்ணாச்சி இந்த டேனியல், கோட்டயத்துக்காரரா?" என்றார். நம்ம குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்றேன். நம்பவில்லை.

சொந்த நிலத்தை விற்று, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்தவர் அவர். இயக்கம், கேமரா, கதாநாயகன் எல்லாம் அவரே. களரியில் தேர்ந்த ஆள் வேறு. தலித் பெண்ணான பி.கே.ரோசியை நாயர் பெண்ணாக நடிக்க வைத்தார். அதைப் பொறுக்காதவர்களால் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரைமேல் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டே ஓடினார். டேனியல் கடனாளியாகி, கருவிகளை விற்று, அப்புறம் பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார்.

1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டதால், 'நீங்கள் கேரளக்காரர் இல்லை' என்று அங்கே கலைஞர்களுக்கான பென்ஷனும் மறுக்கப்பட்டது. 1975-இல் இறந்தார். அதே கேரள அரசு அவர் பெயரில் விருது வைத்தது 1992-இல்! சரி, அவர்களாவது வைத்தார்கள்.

உங்கள் நாகர்கோவில் பதிப்பில் அவரைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கள். டீக்கடைக்காரரிடம் சொல்லி அந்தப் பெஞ்சிலேயே வைக்கச் சொல்கிறேன்.

- ஒரு வாசகர், மார்த்தாண்டம்