ஆண்டறிக்கை 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, இந்த அறிக்கையை அப்புறம் வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் இயங்கும் நம் கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளை முன்வைக்கிறேன்.

ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் பொதுக்குழு கூடியது. மே மாதம் பள்ளி மாணவர்களுக்கு லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் வகுப்பு நடந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதிக்கு அறிவித்த கூட்டம் நடக்கவில்லை. அன்று ஆடிப்பெருக்கு, பாதிப் பேர் ஒகேனக்கல்லில் இருந்தார்கள், மீதிப் பேர் அவர்களைக் காரணம் காட்டினார்கள். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. சுண்டல் போதவில்லை என்ற புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கம்பைலர் மேசை. நாம் எழுதும் புரோகிராமைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். அதோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் உதவும் மேசை இது. இதைச் ‘செயலாளரின் சொந்த வேலை’ என்று செயற்குழுவில் ஒருவர் குறிப்பிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் அறையில் உள்ள கணினிகள் நன்கொடையாக வந்தவை. அவற்றில் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12 இருந்தது, அதனுடன் ஜி.சி.சி. என்ற கம்பைலரின் 12ஆம் பதிப்பு இருந்தது. ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளியானது. அதில் இருப்பது ஜி.சி.சி. 14. செயற்குழு ஒப்புதலோடுதான் மாற்றினோம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறது. மாற்றிய அடுத்த ஞாயிறே கல்லூரிப் பிள்ளைகள் லேப் நோட்டோடு வாசலில் நின்றார்கள். “அண்ணா, போன வாரம் ஓடுன புரோகிராம் இப்ப எர்ரர் காட்டுது. சிஸ்டத்துல என்ன பண்ணீங்க?”

நாம் எதுவும் பண்ணவில்லை. நடந்தது இதுதான். ஃபங்ஷன் என்பது புரோகிராமுக்குள் பெயரிட்ட ஒரு சிறு வேலைத் துண்டு. முன்பே அறிவிக்காத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதையும், வகை சொல்லாமல் வெறுமனே ‘மெயின்’ என்று தொடங்குவதையும் சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமே (மொழியின் அதிகாரபூர்வ விதிகள்) நீக்கிவிட்டது. ஆனால் நீக்கினால் உலகத்தில் பாதிப் பழைய புரோகிராம்கள் நின்றுபோகும் என்று கம்பைலர்கள் அனுமதித்துக்கொண்டே வந்தன. சில்லறை இல்லாதவனையும் திட்டிக்கொண்டே ஏற்றிப்போகும் டவுன் பஸ் கண்டக்டர் போல, ஜி.சி.சி. ஒரு எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு வேலையை முடித்துக்கொடுத்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 2024 மே மாதம் வந்த ஜி.சி.சி. 14 அந்தத் தாராளத்தை நிறுத்தியது. அறிவிக்காத ஃபங்ஷன், வகை இல்லாத அறிவிப்பு, பொருந்தாத பாயிண்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி), பாயிண்டரையும் எண்ணையும் மாற்றி வைப்பது எல்லாம் இப்போது பிழை. கோப்பே உருவாகாது.

நம் பிள்ளைகளின் நோட்டில் இவை அத்தனையும் இருந்தன. காரணம் தெரிந்ததுதான். பல இடங்களில் இன்னும் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ என்ற கம்பைலர் ஓடுகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த மென்பொருள். பாடம் படிக்கிற பிள்ளையைவிட மூத்தது. அந்தக் காலத்து ‘கோனியோ’ தலைப்புக் கோப்பும் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள கோப்பு) திரையைத் துடைக்கும் ‘கிளியர்ஸ்கிரீன்’ வரியும் இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறைகிறது என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னார். கல்லூரியின் பெயர் இந்த அறிக்கைக்குத் தேவையில்லை.

‘கெட்ஸ்’ விஷயம் இன்னும் பெரியது. ஒரு வரியை உள்ளே வாங்க எல்லா நோட்டிலும் ‘கெட்ஸ்’தான். எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வருவதையெல்லாம் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் இணையத்தை நிலைகுலைய வைத்த மாரிஸ் புழு என்ற தானே பரவும் புரோகிராம் புகுந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் சொல்லும் ‘ஃபிங்கர்’ சேவையில் இருந்த இந்த ‘கெட்ஸ்’தான். 2011 தரத்தில் அதை மொழியை விட்டே நீக்கினார்கள். தலைப்புக் கோப்பில் அதன் அறிவிப்பு இல்லாததால் பழைய ஜி.சி.சி. எச்சரித்தது, 14 மறுக்கிறது, இட அளவையும் கேட்டு வாங்கும் ‘எஃப்கெட்ஸா?’ என்று பதிலும் சொல்லித்தருகிறது. இதற்கு மேல் ஒரு கம்பைலர் என்ன செய்யும்?

இங்கேதான் கருத்து வேறுபாடு. ‘எஃப்-பெர்மிசிவ்’ என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் இந்தப் பிழைகள் மீண்டும் எச்சரிக்கைகளாக இறங்கிவிடும். எல்லாக் கணினியிலும் அதை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். மறுத்ததற்கான காரணம் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை என்பதால் இங்கே பதிகிறேன்.

அறிவிக்காத ஃபங்ஷன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர் தானாக எண்ணிக்கொள்ளும். டர்போ சி காலத்துச் சின்ன மெமரி மாடலில் முழு எண்ணும் 2 பைட், பாயிண்டரும் 2 பைட். தப்பாக எண்ணினாலும் நஷ்டமில்லை. 32 பிட் கணினி வந்தபோது இரண்டும் 4 பைட் ஆனது, அப்போதும் தப்பித்தது. இன்றைய 64 பிட் லினக்ஸில் முழு எண் 4 பைட், பாயிண்டர் 8 பைட். மாணவர் வேறு கோப்பில் எழுதிவைத்த ஃபங்ஷன் ஒரு முகவரியைத் திருப்பித் தந்தால் அதில் பாதி அறுந்துபோகும். புரோகிராம் கம்பைல் ஆகும், ஓடும், நடுவில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று செத்துப்போகும். பிள்ளை தன் லாஜிக்கில்தான் தப்பு என்று இரண்டு வாரம் தேடும். அந்த எச்சரிக்கையைப் பிழையாக்கியவர்கள் நம் பிள்ளைகளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள்.

தவிர, இதை ஜி.சி.சி. தனியாகச் செய்யவில்லை. எல்.எல்.வி.எம். திட்டத்தின் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் 16ஆம் பதிப்பு, 2023 மார்ச்சிலேயே இதே வேலையை ஆரம்பித்துவிட்டது. கிளாங் போட்டால் தொல்லை இல்லை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிய உறுப்பினர் அதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எனவே ஆப்ஷன் போடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து புரோகிராம் புரோகிராமாகத் திருத்திக் கொடுத்தோம். ‘தோம்’ என்பது மரியாதைக்கு. இரண்டு மாணவிகளும் காரிமங்கலத்திலிருந்து வரும் தம்பி ஒருவரும் தவறாமல் வந்தார்கள். செயற்குழுவிலிருந்து வந்தவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. ஃபெடோரா 42இல் ஜி.சி.சி. 15 வந்தது. ஏப்ரலில் வெளியான இந்தப் பதிப்பு, ஒன்றும் சொல்லாவிட்டால் சி23 என்ற புதிய தரம் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் சி17. சி23இல் உண்மை, பொய் என்பவற்றைக் குறிக்கும் ‘பூல்’, ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். அவற்றை நாமே புதுப் பெயராக அறிவிக்கும் பழைய வரி இனி செல்லாது. அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் அறிவித்த ஃபங்ஷனுக்கு ‘எதையும் வாங்காது’ என்றே பொருள், வாங்கவைத்தால் பிழை. லேப் நோட்டில் வரும் ஸ்டாக், கியூ புரோகிராம்களில் பாதி இதில் விழுந்தன. இதற்கு மட்டும் ‘ஜிஎன்யு17’ என்று பழைய தரத்தைக் குறிப்பிட்டு ஓட்ட அனுமதித்தேன், ஏனென்றால் அந்தப் புரோகிராம்கள் எழுதிய காலத் தரப்படி சரியானவை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை மூத்த உறுப்பினர் கவனிக்க வேண்டுகிறேன்.

ஜி.சி.சி. 15இல், வங்கிகளில் நெடுங்காலமாக ஓடிவரும் பழைய மொழியான கோபாலுக்கும் கம்பைலர் சேர்ந்திருக்கிறது. வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற நம் ஐயா ஒருவர் இதைக் கேட்டு அன்று இரண்டு டீ குடித்தார்.

பிழை பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு மாணவரின் சி++ புரோகிராம் கம்பைலரையே கவிழ்த்தது. ‘இன்டர்னல் கம்பைலர் எர்ரர், முழுப் பிழை அறிக்கை அனுப்பவும்’ என்று ஜி.சி.சி.யே கேட்டது. கேட்டால் செய்ய வேண்டாமா? ஜி.சி.சி.யைப் பராமரிப்பவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்றால், பதிப்பு எண், கொடுத்த கட்டளை, தலைப்புக் கோப்புகள் எல்லாம் விரிந்த பிறகு கிடைக்கும் முழு மூல நிரல், இவ்வளவும் வேண்டும். அதை அப்படியே அனுப்பினால் ஆயிரக்கணக்கான வரி. அதைச் சுருக்க ‘சிவைஸ்’ என்ற கருவி இருக்கிறது. ஒரு வரியை எடுக்கும், கம்பைலர் இன்னும் கவிழ்கிறதா என்று பார்க்கும், கவிழ்ந்தால் அந்த வரி தேவையில்லை என்று வீசிவிட்டு அடுத்ததற்குப் போகும். இதற்கு முன்னோடியான சி-ரெட்யூஸ், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழுவிடமிருந்து வந்தது. அதே குழுதான் சிஸ்மித் என்ற கருவியால் தாறுமாறாக சி புரோகிராம்களை உற்பத்தி செய்து, கம்பைலர்களில் 325க்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்ததாக 2011இல் வெளியிட்டது. நம் பழைய கணினி இரவெல்லாம் ஓடிக் காலையில் அரைப் பக்கத்துக்குள் கொண்டுவந்தது. அந்த மாதம் மின்கட்டணம் கூடியதற்கு இதுவே காரணம்; பொருளாளர் கேட்டுவிட்டார், சொல்லிவிட்டேன்.

பதிந்தோம். ஏற்கெனவே வேறொருவர் பதிந்ததுதான் என்று சொல்லி அதை மூடினார்கள். இதற்குக் குழுவில் சிரிப்புப் பொம்மைகள் போட்டவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜி.சி.சி.யின் பிழைப் பட்டியலில் 323 என்று ஒரு எண் உண்டு. 2000ஆம் ஆண்டில் பதிந்தது. பழைய இன்டெல் சிப்பில் தசம எண் சிப்புக்குள்ளேயே ரிஜிஸ்டர் என்ற சிற்றிடத்தில் இருக்கும்போது 80 பிட்டிலும், மெமரிக்குப் போகும்போது 64 பிட்டிலும் இருக்கும்; அதனால் சமமாக இருக்க வேண்டிய இரண்டு எண்கள் சமமில்லை என்று வரும். உலகம் முழுக்க எத்தனையோ பேர் தனித்தனியாக இதில் மாட்டி, தனித்தனியாகப் பதிந்து, எல்லாமே 323இன் நகல் என்று மூடப்பட்டன. நகலாக இருந்தாலும் நம் அரைப் பக்கச் சோதனை அங்கே இருக்கிறது. அதைச் சுருக்கிய மாணவருக்கு இப்போது கம்பைலரைக் கண்டால் பயமில்லை.

புரோகிராமில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடமான ‘மாறி’க்குத் தமிழில் பெயர் வைப்பது பற்றிப் பலர் கேட்டதால் ஒரு செய்தி. 2020இல் வந்த ஜி.சி.சி. 10 முதல் மாறிகளுக்கு நேரடியாகத் தமிழிலேயே பெயர் எழுதலாம். தம்பி ஒருவர் கடைக் கணக்குப் புரோகிராம் எழுதினார். ‘தொகை’ அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் சொல்கிறது. நாலு வரி மேலே ‘தொகை’ கண்ணெதிரே இருக்கிறது. விஷயம் என்னவென்றால், ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், கம்பைலருக்கு இரண்டு வேறு பெயர்கள். பாதியை ஒரு கீபோர்டிலும் மீதியை வேறொன்றிலும் அடித்திருந்தார். பெயர் இயல்பாக்கிய (ஒரே சீரான) வடிவில் இல்லை என்று ஜி.சி.சி. தானாகவே எச்சரிக்கிறது, அந்த எச்சரிக்கையும் மேலே ஓடிப்போயிருந்தது. இன்னொன்று, ‘தருமபுரி’யின் நீளத்தை அளக்கும் ‘ஸ்ட்ரிங் லெங்த்’ 24 என்று வந்தால் கம்பைலரைத் திட்ட வேண்டாம். நமக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 8 குறி, ஒரு குறிக்கு 3 பைட்.

கணக்கு. சந்தாவும் நன்கொடையும் வரவு. வாடகை, மின்சாரம், டீ, ஒரு எஸ்.எஸ்.டி., சில்லறைச் செலவுகள் செலவு. இரண்டுக்கும் இடையில் உள்ள சிறு வித்தியாசத்தைப் பொருளாளர் வாய்மொழியாக விளக்குவார். தணிக்கை முடியும் தறுவாயில் இருக்கிறது.

சந்தா பாக்கி பற்றிப் பெயர் சொல்லி எழுதக்கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் சொல்கிறேன். ஓசூரிலும் பெங்களூருவிலும் வேலைக்குப் போனவர்கள். ஆண்டுக்கு 300 ரூபாய். அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அதைக் கொடுக்கிறார்கள், வருத்தமில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு லேப்டாப் படத்தை அனுப்பி ‘அவசரம்’ என்று கேட்பதற்குப் பாக்கி தடையாக இருப்பதில்லை. ஜி.சி.சி.யின் பராமரிப்புப் பதிப்புகளில் பெரும்பாலும், முன்பு சரியாக இருந்து புதிய பதிப்பில் கெட்டுப்போனவற்றையே திருத்துவார்கள். இவர்களும் அந்த வகைதான்; இவர்களில் பலர் 2022 வரை ஒழுங்காகக் கட்டியவர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நன்றி: அறைக்கு வாடகை உயர்த்தாத கட்டட உரிமையாளருக்கு, கணினிகள் தந்த நல்லுள்ளங்களுக்கு, தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கு, பொருளாளரின் பொறுமைக்கு, மகளிர் உறுப்பினர்களின் ஒத்துழைப்புக்கு.

அடுத்த ஆண்டு. ஜி.சி.சி. ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு விடுகிறது, வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில். 2026இல் 16 வரும். அதில் பெரிய வேலை செய்பவர்கள் பலர் ரெட் ஹாட், சூசே போன்ற நிறுவனங்களில் அதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள். நமக்குச் சம்பளம் கிடையாது, டீ உண்டு. மேசை தொடர வேண்டுமானால் ஞாயிறு காலை பத்து மணிக்கு அறையைத் திறக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். சி தெரிய வேண்டும் என்பதில்லை, சாவி வாங்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதாக இருந்தால் நான் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்கிறேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், அவை அமைதியாக இருந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன். இம்முறை அமைதியாக இருக்க விரும்புபவர்கள், வெளியே போகும்போது வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஜிபேயும் உண்டு.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்
தருமபுரி